மேற்கோள் மென்பொருளில் வாழும் இனங்களும் அவற்றின் அறிவுநிலையும்: ஓர் ஆய்வு

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நேரம் நெருங்கினால் ஆய்வு மாணவர்கள் துணைநூற்பட்டியலோடு மல்லுக்கு நிற்பார்கள். அந்தப் பட்டியலுக்குள் குடியிருக்கும் இனங்கள் எவை, எந்த இனத்துக்கு எத்தனை அறிவு என்று கண்டறிவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதன்மைத் தரவு பிப்டெக். ஓரன் பட்டாஷ்னிக்கும் லெஸ்லி லாம்போர்ட்டும் 1985இல் உருவாக்கிய இந்தக் கருவிதான் லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் எழுதுவோருக்கு இன்றும் பட்டியல் போட்டுத் தருகிறது. 1988இல் பட்டாஷ்னிக் எழுதிய கையேடு 14 மேற்கோள் வகைகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் எந்தெந்த விவரம் கட்டாயம் என்றும் வரையறுக்கிறது. தொல்காப்பிய மரபியல் உயிர்களைப் புல் முதல் மனிதர் வரை ஓரறிவு தொடங்கி ஆறறிவு ஈறாகப் பிரிக்கிறது. கட்டாய விவரம் ஒன்றுக்கு ஓர் அறிவு என்று கொள்வது நமது கருதுகோள்.

முடிவுகள் வியப்பளிக்கின்றன. பதிப்பகத்தின் பெயரில்லாமல் அச்சாகும் சிறுவெளியீடும், இயந்திரத்தோடு வரும் கையேடும் ஓரறிவின. தலைப்பு மட்டும் இருந்தால் போதும், எழுதியவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. கருத்தரங்கத் தொகுப்புக்குத் தலைப்பு, ஆண்டு என ஈரறிவு. அச்சேறாத எழுத்துக்கு மூவறிவு: ஆசிரியர், தலைப்பு, கூடவே ஒரு குறிப்பு. ஆய்விதழ்க் கட்டுரை, நூல், முனைவர் பட்ட ஆய்வேடு மூன்றும் நாலறிவு பெற்று நண்டுக்கும் தும்பிக்கும் நிகராக நிற்கின்றன. தொகுப்பு நூலில் வரும் கட்டுரையும், நூலின் ஒரு பகுதியும் ஐந்தறிவு எட்டுகின்றன. முழு நூலைவிட அதன் ஓர் இயலுக்கு அறிவு கூடுதல் என்பது கவனிக்கத்தக்கது. ஆறறிவு படைத்தது ஒன்றுகூட இல்லை.

14 என்ற கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 'கான்ஃபரன்ஸ்' என்ற இனமும் 'இன்ப்ரொசீடிங்ஸ்' என்ற இனமும் ஒன்றே. ஸ்கிரைப் என்ற பழைய மென்பொருளிலிருந்து வருவோர் தடுமாறக் கூடாதென்று இரண்டு பெயரையும் விட்டுவைத்தார்கள். ஆக, உண்மையில் இனங்கள் 13தான்.

எண்ட்நோட் என்ற மேற்கோள் மென்பொருள் இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் 'அன்யூஸ்டு' 1, 2, 3 என்று மூன்று வகைகள் காலியாகவே காத்திருக்கின்றன. பயனர் தமக்கு வேண்டியதை அங்கே வடிவமைத்துக்கொள்ளலாம். இன்னும் பிறக்காத பிள்ளைக்குப் பட்டா போட்டு வைத்த ஏற்பாடு இது.

ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006இல் பிறந்த சொட்டேரோ என்ற மென்பொருளில் இனங்கள் முப்பதைத் தாண்டும். கடிதத்துக்குப் பெறுநர் உண்டு, வரைபடத்துக்கு அளவுகோல் உண்டு, பாட்காஸ்ட்டுக்கு எபிசோடு எண் உண்டு. சட்டம் என்ற வகையைத் திறந்தால் மட்டும் பிறந்த ஊர் காட்டிக்கொடுத்துவிடும். 1956ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டத்தை உள்ளிட வருபவரிடம் அது 'பப்ளிக் லா நம்பர்' கேட்கும். அது அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றும் சட்டங்களுக்கு இடும் எண்.

பெயர்ப் பெட்டியிலும் இதே சங்கடம். குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம். உ.வே. சாமிநாதையரை அப்படியே பிரித்துப் போட்டால், சொந்தப் பெயர்க் கட்டத்தில் உத்தமதானபுரம் என்ற ஊரும் வேங்கடசுப்பையர் என்ற தந்தையும் போய் உட்கார்ந்துகொள்வார்கள். பக்கத்திலேயே இரண்டு கட்டங்களையும் ஒன்றாக்கும் வசதி இருக்கிறது. தமிழ்ப் பெயர்களுக்கு அதுவே கதி.

ஓலைச்சுவடியைக் கையெழுத்துப்படி என்ற வகைக்குள் சேர்த்துவிடலாம். கல்வெட்டுக்குத்தான் தனி வகை கிடையாது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை மேற்கோள் காட்டுபவருக்கு எளிய வழி, அவை அச்சான தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியின் ஒரு பகுதியாகப் பதிந்து, கல்வெட்டு எண்ணைத் தலைப்போடு சேர்ப்பது.

பிப்டெக்கில் எங்கும் ஒட்டாதவை 'மிஸ்க்' என்ற வகையில் வந்து சேரும். அதற்குக் கட்டாய விவரம் எதுவுமில்லை; ஓரறிவும் இல்லாத இனம். வலைத்தளம் என்ற ஒன்றே இல்லாத காலத்தில் போட்ட பட்டியல் என்பதால், பழைய பாணியில் எழுதுவோரின் இணையப் பக்கங்கள் இன்றும் இங்கேதான் ஒதுங்குகின்றன. அப்படி ஒதுக்கும்போது தலைப்பையும் ஆண்டையும் பார்த்த தேதியையுமாவது எழுதிவையுங்கள். எல்லாவற்றையும் காலியாக விட்டால், எதையுமே கட்டாயப்படுத்தாத அந்த 'மிஸ்க்'கூட எல்லா விவரமும் காலி என்று எச்சரிக்கை விடும்.