டிராகனுக்குப் பெரட்டு எதுக்குடா?

வாடா பேராண்டி, பசியாறிட்டியா? அந்தக் கம்ப்யூட்டரைக் கொஞ்சம் இப்படித் திருப்பு. நீ செய்யிற கேமை நானும் பாக்குறேன். நீ காலேஜ் படிக்கிற புள்ள; நான் குளுவாங் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவன், எனக்கென்ன தெரியும்? எண்ண மட்டும் தெரியும். முதல் காட்டுலயே ஏழு டிராகன் பறக்குது, மொத்தம் நாப்பதுன்னு சொல்ற. இத்தனைக்கும் தீனி எவன்டா போடுறது? உன் ஊர்ல ஆடு மாடு ஏதாச்சும் மிச்சம் இருக்கா, இல்ல எல்லாரும் சைவமா?

உங்க அண்ணன் ராவெல்லாம் ஸ்கைரிம் விளையாடுவானே, 2011ல வந்த கேம், பின்னாடி உக்காந்து நானும் பாத்தவன்தான். காவல் கோபுரத்துக்கிட்ட முதல் டிராகன் இறங்குனப்போ என் சுருட்டு அணைஞ்சதே எனக்குத் தெரியல. அதுக்கப்புறம் பாரு கூத்தை. மலையேறுனா டிராகன், ஊருக்குள்ள வந்தா டிராகன். கொஞ்ச நாள்ல உங்கண்ணன், "ஐயய்ய, மறுபடியுமா!"ன்னு கொட்டாவி விட்டுக்கிட்டே அதைக் கொல்றான். அவன் நெசமா பயந்தது மாமூத் மேய்க்கிற ராட்சசனுக்குத்தான். அந்த ராட்சசன் தடியால ஒண்ணு போட்டா ஆள் நேரா ஆகாசத்துக்குப் போயிடுறான்!

ஏன் அப்படி ஆச்சுன்னு கேட்டேன். டிராகனைக் கொன்னா அதோட ஆன்மா கிடைக்குமாம். அது இருந்தாத்தான் புது மந்திரக் கத்தல் வேலை செய்யுமாம். சரிதான், கேம் செஞ்சவன் டிராகனைக் கூலி ஆக்கிட்டான். கூலின்னு ஆனப்புறம் அது தினம் விடியக்காலம் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு வந்துதானேடா ஆகணும்? எலும்பு வேற கொடுக்குது. அதைத் தூக்க முடியாம உங்கண்ணன் பாதி வழியில நடை தளர்ந்து நிக்கிறான், மாடு மாதிரி.

இப்ப நான் சொல்றதைக் கேளு. தோட்டத்துல குரங்கு தினம் வரும், எவனும் திரும்பிப் பாக்க மாட்டான். காட்டுப்பன்னி வந்தா நாய் குரைக்கும், ரெண்டு பேரு கட்டையைத் தூக்குவாங்க, அவ்வளவுதான். புலி? நான் கண்ணால கண்டதே இல்ல. ஆத்தோரம் சேத்துல ஒரே ஒரு தடம் பாத்ததா ஒருத்தன் வந்து சொன்னான். மறுநாள் பெரட்டுக்களத்துல பேச்சு மூச்சு இல்ல. விடியக்காலம் தலையில விளக்கைக் கட்டிக்கிட்டு தனியாப் போறவனெல்லாம் அன்னைக்கு ஜோடி தேடுனான். ஆத்துப் பக்கத்து மர நிரையை எவனும் எடுக்கல. கங்காணி கத்திப் பாத்தாரு. அவரே அந்தப் பக்கம் போகல, அது வேற கதை. அங்க பால் மங்கெல்லாம் காலியாவே கிடந்துச்சு. பொம்பளைங்க கொல்லைப்பக்கம் போறதுக்குக்கூட துணைக்கு ஆள் கூப்பிட்டாங்க. ஒரு தடத்துக்கு இந்தப் பாடு! அந்தப் புலி அப்புறம் வரவே இல்ல. வந்திருந்தா, எவனாவது சுட்டுப் படம் எடுத்திருப்பான், ஒரு வாரத்துல பேச்சு முடிஞ்சிருக்கும்.

நம்ம ஜொகூர் மாநிலச் சின்னத்துல ரெண்டு புலி நிக்குது. பந்தாட்டக் குழுவுக்கும் தெற்குப் புலின்னு பேரு. சட்டையில, சுவத்துல எங்க பாத்தாலும் புலி. ஆனா 2020 வரைக்கும் காட்டுல புலியைத் தேடி எண்ணுனவங்க, நாடு முழுக்க நூத்தம்பதுக்கும் கீழதான்னு சொல்லிட்டாங்க. காஹாங் பக்கம் செம்பனைக் குருத்தைத் தின்ன யானை வருது, அதுக்கு மின்வேலி, பட்டாசுன்னு ஆளுங்க பழகிட்டாங்க. புலிக்கு எவனும் பழகல.

உன் டிராகனும் அப்படி அரிதா இருக்கட்டும். அதுக்காக, மொத்தமா ஒளிச்சு வச்சிடாதே. 'புலி வருது, புலி வருது'ன்னு சொல்லிக்கிட்டே கடைசி வரை காட்டாம விட்டா, காசு கொடுத்து வாங்குனவன் உன்னைத்தான் தேடி வருவான். டிராகன் ஏஜ் இன்குவிசிஷன்னு 2014ல ஒரு கேம். பெரிய டிராகன் பத்தே பத்துதான், ஒவ்வொண்ணுக்கும் தனிப்பேரு, தனி இடம். ஆரம்பத்துல வர்ற காட்டுலயே ஒரு பள்ளத்தாக்குல ஒண்ணை உக்கார வச்சிருக்கான். புதுசா போறவன் சாம்பலாகி, அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்காம சுத்தி நடக்கக் கத்துக்குவான். பலம் சேத்துக்கிட்டு ஒருநாள் அவனே தேடிப் போவான் பாரு, அந்த நடையே வேறடா.

இந்த வகை விளையாட்டுக்கெல்லாம் தாத்தன், 1974ல காகிதத்துல வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதுல டிராகன் குகைக்குப் போனா, முதல்ல அது தூங்குதா முழிச்சிருக்கான்னு பகடை உருட்டிப் பாக்கணுமாம். என்னாட்டம் மதியத் தூக்கம் போடுற டிராகன், கேக்கவே நல்லாயிருக்கு! நீ என்னடான்னா நாப்பதையும் ராப்பகலா முழிக்க வச்சிருக்க. ஓவர்டைமாவது கொடுக்குறியா?

ஆகக்கூடி மூணு வச்சுக்கோ. ஒண்ணு கதையோட முடிவுக்கு. ஒண்ணு ஆத்தோரம் தூங்கட்டும், எழுப்புறவன் தலையெழுத்து. மூணாவதுக்கு உருவமே வரையாதே. தடம் மட்டும் போதும். பொளந்து கிடக்குற மாடு, கருகிப்போன கூரை, அந்தப் பக்கம் வேலைக்கு வர மாட்டேங்கிற ஜனம், இதை வரை. அதுக்குத்தான் மெனக்கெடணும், றெக்கைக்கு இல்ல.

மிச்சம் முப்பத்தேழு பொம்மை வீணாப் போகுதேன்னு மூஞ்சியைத் தொங்கப் போடாதே. றெக்கையை வெட்டி, வாலைச் சுருட்டி, காட்டுப்பன்னியா ஆக்கிடு. தினம் வரட்டும், எவன் கேக்கப்போறான்?