மாலே சார்

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் வெளிநாடு போய்வந்தவர்களுக்குள் ஒரு தரவரிசை உண்டு. முதல் படி கப்பலுக்குப் போனவருக்கு. சீமைச் சரக்கு வரும். அடுத்தது துபாய்க்காரர், சென்ட் வரும். கடைசிப் படியில் நிற்பவர், மாலத்தீவில் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பிய மாலே சார். ஊர்க்காரர்கள் மதுவைத் தொடக்கூடாத நாடு அது. ஆகவே பாட்டில் கிடையாது. பெட்டியைத் திறந்தால் டின்னில் அடைத்த சூரை மீன், மாசிக் கருவாடு. காசிமேட்டுக்கே மீன் கொண்டுவந்த மனிதரை எவன் மதிப்பான்?

பெயர்தான் மாலே சார். மாலேயில் அவர் விமானம் ஏறி இறங்கியதோடு சரி. ஏறக்குறைய 1,200 தீவுகள் உள்ள நாட்டில் ஆள் குடியிருப்பது சுமார் 200 தீவுகளில். அதில் ஒரு குட்டித் தீவில்தான் சாருக்கு வேலை. ராத்திரி கடையில் முட்டை வாங்கினால் காலையில் முதல் பெஞ்சுப் பையன், "சார், நேத்து ஆம்லெட்டா?" என்பானாம். வேவு பார்க்கிறான் என்று முதலில் கொதித்தாராம். பிறகு அது குசலம் விசாரிப்பது என்று புரிந்ததாம்.

போகும் முன் இங்கே அவர் குரலுக்கு மூன்று வகுப்பு நடுங்கும். அங்கே போன புதிதில் அதே குரலில் ஒருநாள் ஒரு பையனிடம் கத்தியிருக்கிறார். சாயங்காலம் அந்தப் பையனின் அம்மா ஒரு தட்டு நிறைய மீன் பணியாரத்தோடு அறைக்கு வந்துவிட்டாள். சாருக்கு உடம்பு ஏதும் சரியில்லையா என்று விசாரிக்க! அன்றோடு குரல் இறங்கியது, இன்னும் ஏறவில்லை. இப்போது வீட்டு டியூஷனில் அவர் பித்தாகரஸ் தேற்றம் சொல்லும்போது, வெளியே துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரி ஒரு ஹாரன் அடித்தால் கர்ணம் காணாமல் போய்விடும். சார் பொறுமையாக மறுபடி வரைவார்.

திவெஹி மொழியும் கற்றவர் என்று கேள்வி. அவர்களுடைய தானா எழுத்து வலமிருந்து இடமாகப் போகும். அதன் முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்களிலிருந்து வந்தவை. "கணக்கு வாத்தியாருக்கு இது கசக்குமா?" என்பார். பத்தாவது எழுத்தைப் பற்றி யாரும் கேட்கக்கூடாது.

காசிமேட்டில் அவர் படும் பாடு தனி. காலைப் பலகாரத்துக்கே சூரை, தேங்காய், வெங்காயம், எலுமிச்சை பிசைந்து ரொட்டியோடு தின்று பழகிய நாக்கு. "வஞ்சிரம் பளபளன்னு கீது, அத்த வுட்டுட்டு சூரை கேக்குறியே சார், வூட்ல எதுனா சண்டையா?" என்கிறாள் மீன்காரம்மா.

ஊர்ப் பெருமையும் உண்டு. "அங்கே குடிப்பதே கடல்நீர். உப்பை எடுத்துவிட்டுக் குழாயில் விடுவான்" என்று ஒருநாள் திண்ணையில் ஆரம்பித்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற எதிர்வீட்டுக்காரர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நம்ம குயாய்ல மட்டும் கங்கையா சார் வருது?" மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கிய ஆலை, கடல்நீரிலிருந்து நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் எடுத்து வடசென்னைக்கு அனுப்பக் கட்டியது. ஊர் திரும்பியும் தாம் குடிப்பது அதே சரக்குதான் என்று சாருக்கு அன்றுதான் தெரிந்தது. இரண்டு நாள் திண்ணைப் பக்கம் ஆளைக் காணோம்.

எல்லாவற்றையும் சகிக்கலாம், அவர் காலண்டரைத்தான் முடியாது. மாலத்தீவில் வெள்ளி, சனி விடுமுறை. ஞாயிறு காலை மணி அடித்துவிடும். சாரின் உடம்புக் கடிகாரம் இன்னும் அந்த நேரத்தில்தான் ஓடுகிறது. டியூஷனுக்கு வெள்ளிக்கிழமை லீவு, ஞாயிறு காலை ஆறரைக்கு டெஸ்ட். ராயப்பர் கோயில் பூசைக்குப் போகிற பிள்ளைகளின் தாய்மார் படையெடுத்து வந்தார்கள். சார் குரலை உயர்த்தாமல், "பூசை முடிஞ்சதும் வரட்டும்மா, அவங்களுக்கு வேற பேப்பர் வெச்சிருக்கேன்" என்றார். எந்தத் தாய்க்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்றால் தயங்காமல் இவரிடம் விடுங்கள். அடி விழாது, திட்டு விழாது, புரியும்வரை சொல்லித்தருவார். ஃபீஸை மட்டும் ரூபாயில் பேசி முடித்துவிடுங்கள். ருஃபியாவில் சொல்ல ஆரம்பித்தால், அதில் ஒன்று நம் ஐந்து ரூபாய்க்கு மேல்.