எழுபத்தைந்துக்காரர்

மருத்துவக் கல்லூரியில் பாஸ் மார்க் 50. டிஸ்டிங்ஷன் 75. நமக்கு ஊசி போடும் டாக்டர்களில் பெரும்பாலானோர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிம்மதியாகக் குடியிருக்கிறார்கள். எழுபத்தைந்துக்காரர் அந்தப் பேட்டைப் பக்கமே கால் வைக்க மாட்டார். தப்பித்தவறி 74.5 வந்துவிட்டால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவார். அதே நேரத்தில், சரியாக 50 வாங்கிய பக்கத்து அறைக்காரன் ஹாஸ்டல் வாசலில் பரோட்டா விருந்து வைத்துக்கொண்டிருப்பான். துக்கம் விசாரிக்க வந்தவர்களும் பாதி வழியில் அங்கே ஒதுங்கிவிடுவார்கள்.

ஆளை முதல் வருஷமே கண்டுபிடித்துவிடலாம். சீனியரிடம் காசு கொடுத்து வாங்கிய எலும்பு மூட்டையை நாங்களெல்லாம் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு மறந்துபோவோம். அவர் தொடை எலும்பைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குவார். நடுராத்திரி விழிப்பு வந்தால் இருட்டிலேயே தடவிப் பார்த்து, "வலது" என்று சொல்லிவிட்டு மறுபடி குறட்டை விடுவார். சௌராசியாவின் அனாட்டமி புத்தகத்தோடு உலகம் முடிந்தது என்பது எங்கள் நம்பிக்கை. அவர் 'கிரேஸ் அனாட்டமி'யை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வருவார். வகுப்பு முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது முதல் பெஞ்சில் ஒரு கை உயரும்: "சார், கிரேல வேற மாதிரி போட்டிருக்கே சார்?" அன்றைக்கு மெஸ்ஸில் எங்களுக்கு ரசம்தான் மிஞ்சும்.

பரீட்சை ஹால் வாசலில் இவர் பக்கத்தில் நிற்கவே கூடாது. "நான் ஒண்ணுமே படிக்கல மச்சி" என்றுதான் ஆரம்பிப்பார். பெல் அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது மெதுவாகக் காதருகே வருவார். "ஃபோரமென் ஓவேல் வழியா போறது நாலுதானே? லெஸ்ஸர் பெட்ரோசலையும் சேத்துத்தானே சொல்றே?" அந்த ஓட்டை வழியாக எதுவோ போகிறது என்பதே நமக்கு அப்போதுதான் தெரியவரும். உள்ளே போய் உட்கார்ந்தால், அவர் பென்சில் டப்பாவைத் திறந்து தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம், நரம்புக்கு மஞ்சள் என்று கோலம் போட ஆரம்பித்திருப்பார்.

இப்படியே பழகி, பேச்சும் விடைத்தாள் மாதிரி ஆகிவிடும். ஒரு கல்யாணப் பந்தியில் அவருடைய அத்தை, "ஒரே தலைவலிடா கண்ணு" என்று ஒரு வார்த்தை சொன்னார். தலைவலி என்றால் என்ன, எத்தனை வகை, ஒவ்வொன்றுக்கும் காரணங்கள் என்று சாம்பாரில் தொடங்கியவர், பாயசம் வரும்போது மூளைக்கட்டியில் இருந்தார். அத்தை இலையை மூடிவிட்டு எழுந்தார். "இன்னும் ட்ரீட்மென்ட்டே சொல்லலையே அத்தை" என்று இவர் பின்னாலேயே போனார்.

ஃபைனல் இயர் பிராக்டிகலைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பரீட்சைக்கு வரும் நோயாளிகள் வருஷக்கணக்காக வந்து தேறியவர்கள், பாதி புரொஃபசர்கள். இவருக்கு லாங் கேஸாக வாய்த்த பெரியவருக்கு இதய வால்வு சுருக்கம். இவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்ததுமே அவர் ஆரம்பித்தார்.

"நேரா படுத்தா கேக்காது தம்பி. நான் இடப்பக்கமா ஒருக்களிச்சிக்கறேன். நீங்க பெல்லைத் திருப்பி வைங்க. மைட்ரல் ஸ்டெனோசிஸ்."

"ஐயா, நீங்க சொல்லக்கூடாது."

"போன வருஷம் ஒரு பாப்பாவுக்கு இதைத்தான் சொன்னேன். பாஸாயிடுச்சே?"

"நான் பாஸுக்கு வரலைங்கய்யா. டிஸ்டிங்ஷனுக்கு வந்திருக்கேன்."

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப அதுக்குத் தக்க நோவு இருக்கற ஆளாப் பாத்திருக்கணும் தம்பி."

பரீட்சை வைக்க வெளிக் கல்லூரியிலிருந்து எக்ஸ்டர்னல் வந்தார். இதயத்தில் முணுமுணுப்பு எப்போது, எங்கே, எந்தத் தொனியில் என்று இவர் பொழிந்து தள்ளினார். உலகத்தில் நாலு பேருக்கு வரும் காரணங்களைக்கூட விடவில்லை. எக்ஸ்டர்னல் சாவதானமாக, "இவருக்குப் பென்சிலின் ஊசி போடறாங்களே, அதுக்கு எப்படி வந்துட்டுப் போறார்?" என்றார். "12 லட்சம் யூனிட் சார், 21 நாளுக்கு ஒரு தடவை, இன்ட்ராமஸ்குலர்!" கட்டிலிலிருந்து குரல் வந்தது: "டவுன் பஸ்ல சார்." டிஸ்டிங்ஷன் கிடைத்துவிட்டது. பெரியவருக்கும் பாதி கொடுத்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

பட்டமளிப்பில் வாங்கிய பதக்கத்தை வீட்டுக்குக் கொண்டுபோனால், பாட்டி முதலில் உரசிப் பார்க்கச் சொன்னார். அப்பா, கல்யாணப் பத்திரிகையில் பேருக்குப் பின்னால் 'கோல்டு மெடலிஸ்ட்' என்று அடைப்புக்குறிக்குள் போட்டார். ஜூனியர்களுக்கு இவர் உபதேசம் செய்யும்போது தவறாமல் மேரி ஷார்லிப் வந்துவிடுவார். சென்னை மருத்துவக் கல்லூரியில் தொடங்கி, 1882-ல் லண்டனில் மகப்பேறு பாடத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவர். கதை பதக்கத்தோடு நின்றுவிடும். அந்த அம்மாள் சென்னைக்கே திரும்பி வந்து, ஆண் டாக்டருக்கு முகம் காட்டாத பெண்களுக்காகத் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி உருவாகக் காரணமாக இருந்ததற்கு மார்க் கிடையாதே.

அப்புறம்தான் மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. வந்தது. 200 கேள்வி, சரியென்றால் 4, தப்பென்றால் ஒன்று கழிவு. பதக்கத்தை யாரும் கேட்பதில்லை, ரேங்க் மட்டும்தான். சிவப்பு, நீலம், மஞ்சளுக்கெல்லாம் கம்ப்யூட்டர் மயங்குமா? நாலு விடையில் ஒன்றைத் தொடச் சொன்னால் இவர் தவித்துப்போனார், ஏனென்றால் நாலுக்கும் ஏதோ ஒரு எடிஷனில் ஆதாரம் இருப்பது அவருக்குத் தெரியும். பரோட்டா விருந்து வைத்தவன் ரேடியாலஜி வாங்கிக்கொண்டு போய்விட்டான். இவருக்கு அடுத்த வருஷம்தான் மெடிசின் கிடைத்தது.

கிண்டல் செய்கிறேனே தவிர, எங்கள் வீட்டில் பத்து நாளாகியும் யாருக்காவது காய்ச்சல் இறங்காவிட்டால் நான் போன் போடுவது இவருக்குத்தான். காய்ச்சலின் வகைகளை முழுக்கக் கேட்டாக வேண்டும். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். "அக்குள்ல, இடுப்பு மடிப்புல கருகின வடு இருக்கான்னு பாரு. ஸ்க்ரப் டைஃபஸா இருக்கும்" என்பது கடைசியில் வரும். பார்த்தால் இருக்கும்.

இப்போது இவரே எக்ஸ்டர்னல். காலை எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்துவிடுகிறாராம், மாணவர்கள் கேஸ் எடுத்து முடிக்கும்வரை பொறுமையில்லை. போன தடவை ஒரு பையன் கேட்டதற்கெல்லாம் டாண் டாணென்று பதில் சொல்லியிருக்கிறான். பையன் வெளியே போனதும் இன்டர்னல், "நல்லாச் சொன்னான் சார், 75 போட்டுடலாமே?" என்றார்.

"சொன்னான், சொன்னான்" என்று பேனாவைத் திறந்து 74 போட்டாராம் நம்மவர். "ஆனா அழுது பாத்த முகமாத் தெரியலையே."