சூதாட்ட ஊரில் ஒரு கஞ்சன்

கையில் காசில்லாதவன் தனியாக ஊர்சுற்ற எங்கே போகலாம் என்று என்னைக் கேட்டால் மக்காவ் என்பேன். கேட்டவர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும். சூதாட்ட வருமானத்தில் 2006லேயே லாஸ் வேகாஸைத் தாண்டிப் போன ஊர் அது. மேசைக்கு மேசை லட்சங்கள் கைமாறும் இடத்தில், முதுகில் ஒரு மூட்டையும் இடுப்புப் பையில் எண்ணி வைத்த நோட்டுகளுமாக ஒருவன் என்ன செய்ய முடியும்?

ராஜாவாக இருக்க முடியும். காரணம் எளிது. சூதாட்ட விடுதிக்காரர்களுக்கு ஒரே கவலைதான்: ஜனம் வாசற்படி தாண்டி உள்ளே வரவேண்டும். அதற்காக பஸ் விடுகிறார்கள், தண்ணீர் தருகிறார்கள், நாள் முழுக்க ஏசி போட்டு வைத்திருக்கிறார்கள். வந்தவன் உட்கார்ந்து ஆடியே தீரவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஆடாமல் திரும்பி வருகிறவனுக்கு அத்தனையும் இனாம். அவனுடைய செலவைப் பக்கத்து மேசையில் தோற்றுக்கொண்டிருக்கும் புண்ணியவான் கட்டிவிடுகிறார்.

நான் போனதற்குப் பெரிய இலட்சியமெல்லாம் இல்லை. ஹாங்காங்குக்கு மலிவாக விமான டிக்கெட் கிடைத்தது. அங்கே அறை வாடகையைப் பார்த்ததும் வேறு ஊர் தேடத் தோன்றியது. பக்கத்திலேயே மக்காவ். இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா இல்லாமல் 30 நாள் தங்க விடுகிறார்கள். நம் பாஸ்போர்ட்டுக்கு இப்படி மரியாதை கிடைக்கிற இடங்கள் குறைவு. மறுத்தால் நன்றாக இருக்காது.

தூத்துக்குடிக்குப் போன் போட்டுச் சொன்னேன். சித்தப்பாதான் எடுத்தார்.

"மக்காவா? ஏலே, அது சீட்டாடுத ஊருல்லா?"

"சும்மா சுத்திப் பாக்கத்தான் போறேன் சித்தப்பா."

"சாராயக் கடைக்கு யாராவது சும்மா சுத்திப் பாக்கவா போவாவ?"

ஹாங்காங்கிலிருந்து கடலுக்கு மேலே பாலம் போட்டிருக்கிறார்கள். இணைப்புச் சாலைகளையும் சேர்த்து 55 கிலோமீட்டர், 2018இல் திறந்தது. கப்பல் டிக்கெட்டில் பாதிக்கும் குறைவாகப் பாலத்து பஸ்ஸில் போய்விடலாம். மக்காவ் குடியேற்ற அதிகாரி என் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தவில்லை; ஒரு துண்டுச் சீட்டைத் தந்தார். வெளிநாடு போய்வந்ததற்கு அத்தாட்சியாக முத்திரையைக் காட்டிப் பெருமை பேசும் வழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளவும்.

வெளியே வந்தால் விடுதி பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. என் மூட்டையின் பக்கவாட்டில் ரப்பர் செருப்பு தொங்கிக்கொண்டிருந்தது. மேலே ஈரத் துண்டு. எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் நான் பெருந்தொகை வைத்து ஆடக்கூடியவன் என்று சந்தேகப்பட வழியில்லை. ஆனாலும் பஸ் வாசலில் நின்ற பெண் குனிந்து வணக்கம் சொல்லி ஏற்றிக்கொண்டார். சொந்த ஊரில் சீசன் பாஸ் வைத்திருந்த காலத்தில்கூட எந்த பஸ்ஸிலும் எனக்கு இந்த வரவேற்பு கிடைத்ததில்லை.

இறங்கிய இடம் கோத்தாய். கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம். அங்கே வெனிஸ் இருக்கிறது, கால்வாய், படகு, பாடும் படகோட்டி எல்லாம் கூரைக்கு அடியில். கூரையில் நீல வானம் தீட்டியிருக்கிறார்கள். ராத்திரி பதினோரு மணிக்கும் அங்கே சாயங்காலம்தான். நடைபாலம் வழியாகப் போனால் பாரிஸ். ஈபிள் கோபுரத்தைப் பாதி உயரத்தில் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் நடந்தால் லண்டன் மணிக்கூண்டு. ஐரோப்பாச் சுற்றுலாவுக்கு லட்சக்கணக்கில் கட்டும் நண்பர்களை நினைத்துக்கொண்டேன். ஒரே மாலையில், ரப்பர் செருப்போடு, மூன்று தலைநகரம். வெனிஸ் தலைநகரம் இல்லை என்று யாரும் கடிதம் எழுத வேண்டாம். படகில் ஏறினால்தான் காசு. நான் கரையில் நின்று பாட்டை மட்டும் கேட்டேன். பாட்டு கரைக்கும் கேட்கிறது.

சூதாட்டக் கூடத்துக்குள் போக 21 வயது ஆகியிருக்க வேண்டும். அந்த ஒரு தகுதி என்னிடம் தாராளமாகவே இருந்தது. மூட்டையை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள். உள்ளே சன்னலும் கிடையாது, கடிகாரமும் கிடையாது. தள்ளுவண்டியில் தண்ணீர் பாட்டில், தேநீர், பால் எல்லாம் வந்துகொண்டே இருக்கும். நான் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டேன்.

எல்லோரும் ஆடுவது பக்காரா. கேட்டுத் தெரிந்துகொண்டவரை நம் மங்காத்தாவைவிடப் பெரிய மூளை வேலை எதுவும் அதில் இல்லை; சீட்டுகளின் கூட்டுத்தொகை ஒன்பதுக்கு அருகில் வரவேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சீட்டைத் திருப்பும் அழகு இருக்கிறதே! ஓரத்தை மெல்ல மடக்குவார்கள். கண்ணை இடுக்கிப் பார்ப்பார்கள். பிடிக்காத புள்ளி தெரிந்தால் பறந்துபோகட்டும் என்று வாயால் ஊதுவார்கள். அச்சடித்த புள்ளி எங்கே பறக்கும்? ஆனாலும் ஊதுவார்கள். தருமருக்கு இந்த உத்தி தெரிந்திருந்தால் பதின்மூன்று வருஷ அலைச்சல் மிச்சமாகியிருக்குமோ என்னவோ.

ஒரு பெரியவருக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தேன். அவர் ஜெயித்தார். மறுபடி ஜெயித்தார். திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் நகரப் போனேன். சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டார். மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்தது: இந்தக் கறுத்த பையன் நின்றால் சீட்டு விழுகிறது. சம்பளமில்லாத அதிர்ஷ்ட தேவதையாக நான் பதவியேற்றேன். தள்ளுவண்டியை நிறுத்தி எனக்குப் பால் தேநீர் வாங்கித் தந்தார். அதுவும் இனாம்தான் என்றாலும் உபசாரம் உபசாரம்தான். கொஞ்ச நேரத்தில் அவர் தோற்கத் தொடங்கினார். அப்போது என்னைப் பார்த்த பார்வைக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வெனிஸ் பக்கம் நடந்துவிட்டேன். அந்த மேசையில் குறைந்தபட்சப் பந்தயமே என் ஒருநாள் சாப்பாட்டுச் செலவைவிட அதிகம்.

இந்த விளையாட்டின் ஆபத்தை அந்த ஊர் அரசாங்கமே நன்றாக அறிந்து வைத்திருக்கிறது. அரசு ஊழியர்கள் சூதாட்டக் கூடத்துக்குள் நுழையவே தடை. சீனப் புத்தாண்டின் முதல் மூன்று நாள் மட்டும் விலக்கு. வெளியூர்க்காரன் தோற்கும் பணத்திலிருந்து வரியை வாங்கி, 2008 முதல் உள்ளூர்க்காரர்களுக்கு வருஷா வருஷம் ரொக்கமாகப் பங்கு போடுகிறார்கள். நிரந்தரக் குடியாளருக்குப் பல ஆண்டுகளாக ஆளுக்கு 10,000 பட்டாக்கா. ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய். நான் உள்ளூர்க்காரனாகும் வழியை விசாரித்துப் பார்த்தேன். ஏழு வருஷம் தங்க வேண்டுமாம். என் அறை வாடகைக்கு அது கட்டுப்படியாகாது.

அறை என்றேனா? பழைய ஊரில் அல்மெய்டா ரிபெய்ரோ சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், மரத்தடுப்பு போட்ட கூண்டு. தடுப்பு கூரைவரை போகவில்லை. பக்கத்துக் கூண்டுக்காரரின் குறட்டை முழுதாக என் பங்குக்கும் வந்தது. வெள்ளிக்கிழமை ஆனால் சீனாவிலிருந்து கூட்டம் வந்து வாடகை எகிறிவிடும். ஆகவே திங்கள் முதல் வியாழன் வரை ஊர் சுற்றுவதுதான் ஏழைக்கு அழகு.

போர்த்துக்கீசியர் 1557இல் வந்து குடியேறி, 1999 டிசம்பர் 20 அன்று ஊரைச் சீனாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். சீன மண்ணில் அவர்களைவிட நீண்டகாலம் உட்கார்ந்திருந்த ஐரோப்பியர் இல்லை. தெருப் பெயர்களை நீலமும் வெள்ளையுமான ஓடுகளில் எழுதிப் பதித்திருக்கிறார்கள். அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். சீனப் பெயர்தான் புழக்கம். டவுன் பஸ்ஸில் நிறுத்தத்தின் பெயரை காண்டனீஸ், மாண்டரின், போர்த்துக்கீசியம், ஆங்கிலம் என்று நான்கு மொழிகளில் அறிவிக்கிறார்கள். எல்லா மொழிக்கும் மரியாதை செய்து முடிப்பதற்குள் நிறுத்தம் வந்துவிடுகிறது. கடைசி மொழிக்குக் காத்திருக்கும் என்னைப் போன்றவர்கள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் பின்னால் நடக்க வேண்டியதுதான். டிக்கெட் 6 பட்டாக்கா. உண்டியலில் போட்டால் சில்லறை திரும்பாது.

நடந்தால் லாபம் உண்டு. செயின்ட் பால் தேவாலயத்துக்குப் போகும் சந்து முழுக்கத் தின்பண்டக் கடைகள். கடைவாசலில் நின்று, தகடு தகடாக வாட்டிய இறைச்சியைக் கத்தரிக்கோலால் நறுக்கி நீட்டுகிறார்கள், ருசி பார்க்க. பாதாம் பிஸ்கட்டும் அப்படித்தான். பெயர்தான் பாதாம், அதில் பெரும்பகுதி பயத்தமாவு. வாயில் போட்டதும் அம்மா செய்யும் பயத்தம் உருண்டையேதான். ஒரு கடையில் ஒரு துண்டு, எதிர்க்கடையில் ஒரு துண்டு என்று மேலே ஏறி, கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு கீழே இறங்கினால் மதியச் சாப்பாடு முடிந்தது. கடைக்காரர்கள் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொண்டு விட்டுவிட்டார்கள் என்பதே சரி.

சந்தின் உச்சியில் நிற்பது தேவாலயத்தின் முகப்பு மட்டுமே. ஜப்பானிலிருந்து துரத்தப்பட்ட கிறிஸ்தவக் கைவினைஞர்களும் சேர்ந்து செதுக்கியது. 1835இல் தீப்பிடித்துப் பின்பக்கம் மொத்தமும் போய்விட்டது. பக்கத்து மேட்டில் கோட்டை. 1622இல் டச்சுக்காரர்கள் படையெடுத்து வந்தபோது இங்கிருந்து சுட்ட குண்டு அவர்களுடைய வெடிமருந்தின் மீதே விழுந்து கதையை முடித்தது. இன்று அங்கே நிற்கும் பீரங்கி ஒன்று, தாமரை வடிவில் பளபளக்கும் ஒரு சூதாட்ட மாளிகையைக் குறிபார்த்துக்கொண்டிருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் அதையே படம் எடுக்கிறார்கள். தனியாகப் போனவன் பீரங்கியோடு தானும் விழ வேண்டுமென்றால் யாரிடமாவது போனை நீட்ட வேண்டும். நான் கேட்ட அம்மையார் என்னை விட்டுவிட்டுப் பீரங்கியை மட்டும் அழகாக எடுத்துத் தந்தார்.

செயின்ட் ஜோசப் தேவாலயத்தில் ஊர்க்காரர் ஒருவரைச் சந்தித்தேன். புனித சவேரியார், அதாவது அவருடைய கையெலும்பு. 1542இல் எங்கள் முத்துக்குளித்துறைக்கு வந்து கடற்கரை முழுக்க நடந்தவர். சீனாவுக்குள் நுழைய அனுமதிக்காகக் காத்திருந்து, 1552இல் சாங்சுவான் தீவில் இறந்தார். உடல் கோவாவில், முன்கை ரோமில், மேற்கை எலும்பு இங்கே. காசில்லாமல் தூரதேசம் சுற்றியவர்கள் சங்கம் என்று ஒன்று இருந்தால் அவர்தான் நிரந்தரத் தலைவர். பார்க்கக் கட்டணம் இல்லை.

நான் மனமறிந்து செய்த ஒரே ஆடம்பரம் கொலோவான் கிராமத்தில் ஒரு முட்டைத் தார்ட். மேலே கருகலாக, உள்ளே தளதளவென்று, அடுப்பிலிருந்து வந்த சூட்டோடு. போர்த்துக்கீசியத் தார்ட் என்று உலகமே கொண்டாடும் இந்த மக்காவ் பலகாரத்தை 1989இல் செய்து விற்றவர் ஆண்ட்ரூ ஸ்டோ என்ற ஆங்கிலேயர். போர்த்துக்கீசியர் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. நானும் எதிர்ப்பு எதுவும் தெரிவிக்காமல் இரண்டாவது ஒன்று வாங்கினேன்.

ஊர் திரும்பியதும் சித்தப்பா குரலைத் தாழ்த்தி, "எவ்வளவுலே போச்சு?" என்றார். ஒன்றும் போகவில்லை என்றேன். இன்றுவரை அவர் நம்பவில்லை. பெருந்தொகை போலிருக்கிறது என்று சித்தியிடம் சொல்லியிருக்கிறார்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மக்காவ் கடைகளில் ஹாங்காங் டாலரை ஒன்றுக்கு ஒன்று என்று வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் 100 டாலரின் மதிப்பு 103 பட்டாக்கா. மூன்று சதவீதத்தை யாருக்கும் தானம் செய்யாதீர்கள், முதலிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். பட்டாக்காவில் மீதியும் வைக்காதீர்கள். பாலம் தாண்டிவிட்டால் ஹாங்காங் கடைகளில் அதை வாங்க மாட்டார்கள்.