பேய்ப் படம் போடுமுன் பாத்ரூம் போய்விட்டு வரவும்

சனிக்கிழமை ராத்திரி சோறு சாப்பிட்டு, பாய் விரித்து, டிவி முன்னால் வரிசையாக எல்லாரும் உட்கார்ந்த பிறகு, "இது சின்னப் பசங்க பார்க்கிற படம்தானா?" என்று கேட்பது, தாலி கட்டிவிட்டு ஜாதகத்தைத் தேடுவது மாதிரி. இந்தக் கேள்வியை வெள்ளிக்கிழமையே கேட்டு முடிக்க வேண்டும். எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கையேடு. எழுதுபவனின் தகுதி: மீஞ்சூரில் ஒரு வீடு, அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஒரு ஆயா, ஒரு ரிமோட். வீட்டுத் தணிக்கைக் குழுவுக்குத் தலைவரும் நானே, திட்டு வாங்கும் உறுப்பினரும் நானே.

முதல் வேலை, சான்றிதழைப் பார்ப்பது. பார்த்துவிட்டு மறந்துவிடலாம். நம் நாட்டில் 1983 வரைக்கும் பொதுப் படங்களுக்கு 'யு', 'ஏ' என்று இரண்டே எழுத்துதான். எல்லாரும் பார்க்கலாம், இல்லையென்றால் பெரியவர்கள் மட்டும். அதற்கப்புறம் நடுவில் 'யுஏ' வந்தது. 12 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு எது சரி என்று பெற்றவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்பது அதன் அர்த்தம். அதாவது படத்தை முழுக்கப் பார்த்த அதிகாரிகள், படத்தைப் பார்க்காத நம்மிடம் முடிவைக் கொடுத்துவிட்டார்கள். 2023 திருத்தச் சட்டம் அந்த யுஏவையும் 7, 13, 16 என்று மூன்றாகப் பிரித்தது. எங்கள் வீட்டில் பெரியவனுக்கு 9, சின்னவளுக்கு ஆறே முக்கால். அந்தக் கால் வருஷத்துக்காக அவளை மட்டும் அடுப்பங்கரையில் உட்காரவைத்துப் பாருங்கள், எந்தப் பேயும் தேவைப்படாது.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததில்லை. பிரிட்டனில் 1932லேயே பேய்ப் படங்களுக்கென்று தனியாக 'ஹெச்' முத்திரை வைத்திருந்தார்கள். ராபர்ட் வைஸ் 1963ல் எடுத்த 'தி ஹான்டிங்' என்ற பேய் வீட்டுப் படம் அங்கே 'எக்ஸ்' வாங்கியது, பெரியவர்கள் மட்டும். அதே படத்துக்குப் பின்னாளில் அமெரிக்காவில் கிடைத்தது 'ஜி', எல்லா வயதினரும் பார்க்கலாம். இரண்டு ஊரிலும் ஒரே கதவு, ஒரே தட்டல். அந்தப் படத்தில் பேய் என்று ஒன்று முகத்தைக் காட்டுவதே இல்லை. கதவு தட்டப்படுகிறது, மரப்பலகை மூச்சு விடுகிற மாதிரி உப்புகிறது, அவ்வளவுதான். கண்ணால் பார்த்து முத்திரை குத்துபவர் 'ஒன்றும் இல்லையே' என்பார். காதால் பார்த்தவருக்குத் தூக்கம் போயிருக்கும்.

அடுத்து, கூடத்திலிருந்து பாத்ரூமுக்கு எத்தனை எட்டு என்று எண்ணவும். படத்தின் நீளத்தைவிட இதுதான் முக்கியம். அட்டாச்டு பாத்ரூம் உள்ள வீடுகளில் எந்தப் படத்தையும் தைரியமாகப் போடலாம். எங்கள் வீட்டில் பின்கதவைத் திறந்து, துணி துவைக்கிற கல்லைத் தாண்டி, 22 எட்டு. வழியில் ஒரு முருங்கை மரம். வேதாளம் எந்த மரத்தில் தொங்கும் என்பது தமிழ்நாட்டில் எல்கேஜி பிள்ளைக்கும் தெரியும். மரத்துக்கு மேலே பார்த்தால் வல்லூர் பக்கத்து அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் சிவப்பு விளக்குகள் மினுக் மினுக்கென்று கண் சிமிட்டும். நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் வண்டி அந்த நேரம் பார்த்து அத்திப்பட்டுப் பக்கம் ஊளையிட்டுக்கொண்டு போகும். பேய்ப் படத்துக்கு ஒளிப்பதிவும் பின்னணி இசையும் எங்கள் ஊரில் இலவசம்.

பாத்ரூம் விஷயத்தை வெளிப்படையாக ஒத்துக்கொண்டவர் தமிழ் சினிமாவில் ராகவா லாரன்ஸ் ஒருவர்தான். 'முனி' (2007), 'காஞ்சனா' (2011) இரண்டிலும் கதாநாயகன் தடிமாடு மாதிரி வளர்ந்தவன், நாலு பேரை அடிப்பவன், பொழுது சாய்ந்தால் தனியாக ஒரு அடி எடுத்து வைக்க மாட்டான். 'காஞ்சனா'வில் அவன் அம்மாவாக வரும் கோவை சரளா படுகிற பாடு அம்மாக்களுக்குச் சிரிப்பாக இருக்காது. என் வீட்டுக்காரி அந்தக் காட்சிகளை ஒரு ஆவணப்படம் பார்க்கிற முகத்தோடு பார்த்தாள்.

மூன்றாவது வழிமுறையை என் வீட்டுக்காரி அடித்துவிட்டாள். எனவே நான்காவது: நுழைவுத் தேர்வு.

முழுப் படம் வேண்டாம். இயக்குநர் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் தன் அப்பா பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்லும் காட்சியை மட்டும் போடவும். ஓஹோ புரொடக்ஷன்ஸ் முதலாளியான நாகேஷ் கையில் அங்கே என்ன இருக்கிறது? பாழடைந்த பங்களா கிடையாது, வெள்ளைப் புடவை கிடையாது. வாயாலேயே கதவைக் கிறீச்சிட வைத்து, வாயாலேயே காற்றடிக்க வைக்கிறார். அந்த வாயும், எதிரே பாலையா என்கிற முகமும் மட்டும்தான் முதலீடு. பிள்ளை இதைப் பார்க்கும்போது நீங்கள் டிவியைப் பார்க்கக் கூடாது, பிள்ளையைப் பார்க்க வேண்டும். பாலையா நடுங்குவதைப் பார்த்துச் சிரித்தால் பாஸ். நாகேஷை மட்டும் வெறித்துப் பார்த்துக்கொண்டு மெல்ல உங்கள் மடியை நோக்கி நகர்ந்தால் இன்னும் ஒரு வருஷம் போகட்டும். பாலையாவோடு சேர்ந்து நீங்களே நடுங்கினால், படத்தை யார் பார்ப்பது என்பதைப் பிள்ளைகளிடமே விட்டுவிடவும்.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த ஒரு சங்கதி. அந்தக் காட்சியைப் படம் பிடித்தவர் ஒளிப்பதிவாளர் ஏ. வின்சென்ட். முந்தின வருஷம்தான் அதே ஸ்ரீதருக்கு 'நெஞ்சம் மறப்பதில்லை' எடுத்துக் கொடுத்திருந்தார். பாழடைந்த ஜமீன் மாளிகை, பூர்வஜென்ம நினைவு, 109 வயதுக் கிழவனாக நம்பியார்! அதே 1964ல் மலையாளத்துக்குப் போய், பஷீரின் 'நீலவெளிச்சம்' கதையைப் 'பார்கவி நிலையம்' என்று தானே இயக்கினார். அது பேய் குடியிருக்கும் வீட்டுக்கு ஓர் எழுத்தாளர் குடிபோகும் கதை. இரண்டே வருஷத்துக்குள் ஒரு மனிதர் பயமுறுத்தவும் செய்தார், அந்தப் பயத்தை வைத்துச் சிரிக்கவும் வைத்தார். நடுவில் மாறியது விளக்கு வைக்கும் இடம் மட்டும்தான் போலிருக்கிறது. ஆகவே வீட்டிலும் டியூப்லைட்டை அணைக்காதீர்கள். "லைட்டை ஆஃப் பண்ணாத்தான் எஃபெக்டு" என்று சொல்லும் மச்சான் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். அவரைக் கடைக்கு அனுப்பவும்.

ஐந்தாவது, 'சந்திரமுகி'. இது கிளாசிக்கா என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: 2005ல் வந்த படம். அன்று மடியில் உட்கார்ந்து பார்த்த பிள்ளைகள் இன்று தங்கள் பிள்ளையை மடியில் வைத்திருக்கிறார்கள். கிளாசிக்தான். பாசிலின் 'மணிச்சித்ரதாழு' (1993) கன்னடம், தமிழ், வங்காளம், இந்தி என்று வீடு வீடாகக் குடி மாறியபோது நம் பக்கம் வந்தது இது. பேயே கிடையாது, எல்லாம் மனநோய் என்று டாக்டர் ரஜினி விளக்கிச் சொல்லும் படம் என்பதால் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானது என்று நான் நினைத்தேன். தப்புக் கணக்கு.

வேட்டையனைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படவே இல்லை. மறுநாள் தெரு முழுக்க லகலகலகதான். சின்னவள் மெர்சலானது கங்காவாக வரும் ஜோதிகா கட்டிலைத் தூக்கும்போது. அதுவரைக்கும் அது நல்ல அக்கா, சிரிக்கிற அக்கா. ஒரு நொடியில் கண் மாறி, குரல் மாறி வேறு யாரோ. ஜோஆன் கான்டர் என்று விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியை ஒருவர், பிள்ளைகள் திரையில் எதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்பதையே ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர். 'இன்கிரெடிபிள் ஹல்க்' தொடரில் அந்த ஆள் பச்சையாகி நல்ல காரியம்தான் செய்வான். ஆனாலும் சின்னப் பிள்ளைகள் நடுங்கியது அவன் மாறுகிற அந்த நிமிஷத்தில்தான் என்று அவர் கண்டார். ஜோதிகா பச்சையாகவில்லை, மை மட்டும்தான் தீட்டிக்கொண்டார். எங்கள் வீட்டில் அதுவே போதுமாயிருந்தது. மறுநாள் காலையில் என் வீட்டுக்காரி பெருக்குவதற்காகக் கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள். சின்னவள் தெருமுனை தள்ளுவண்டிக் கடை வரைக்கும் ஓடிவிட்டாள். அதன் பிறகு மூன்று நாள் அம்மா கண்ணுக்கு மை வைக்கக் கூடாது என்று வீட்டில் ஊரடங்கு.

கான்டர் சொல்லும் வைத்தியம் எளிமையானது. சின்னப் பிள்ளைக்கு விளக்கம் சொல்லிப் பிரயோஜனமில்லை. போர்த்திக்கொள்ள ஒரு போர்வை, கடித்துக்கொள்ள ஏதாவது, ஒட்டி உட்கார ஒரு ஆள் வேண்டும். பெரிய பிள்ளைக்குத்தான் பேச்சு எடுபடும். இதைப் படிப்பதற்கு முன்னாலேயே ஆயா முறுக்கு டப்பாவோடுதான் படம் பார்க்க உட்காருவார். ஆராய்ச்சிக்கு முறுக்கு முந்திவிட்டது.

பெரியவனுக்குப் பேச்சு எடுபடுகிறதே என்று நான் மனநோய், ஜமீன், ஆந்திரத்து நடனக்காரி எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பாம்பு எதுக்குப்பா?" என்றான். படம் வந்த நாளிலிருந்து தமிழ்நாட்டில் எந்தத் தகப்பனும் பதில் சொல்ல முடியாத கேள்வி. மாளிகையில் அவ்வளவு பெரிய பாம்பு ஒன்று அலைகிறது, கடைசியில் தன் வேலை முடிந்தது மாதிரி கிளம்பிப் போகிறது. என்ன வேலை? பிள்ளையிடம் எதையும் விளக்குமுன் பாம்புக்கு ஒரு பதில் தயாராக வைத்துக்கொள்ளவும்.

கரண்ட் பற்றி ஒரு குறிப்பு. வல்லூரில் மட்டுமே 1,500 மெகாவாட். அவ்வளவு மின்சாரம் பக்கத்திலேயே பிறந்தாலும், பூட்டிய அறைக் கதவு திறக்கிற நேரம் பார்த்து ஒரு வேப்பங்கிளை கம்பியில் உரசத்தான் செய்யும். அப்போது வீட்டில் ஒரே நேரத்தில் நாலு பேர் அலறுவார்கள். யார் அலறவில்லையோ அவர் பயத்தில் வாயடைத்துப் போனவர். அவரை முதலில் கவனிக்கவும்.

இவ்வளவு செய்தும் பிள்ளை பயந்துவிட்டால் பின்சிகிச்சை: தலைமாட்டில் விளக்குமாறு. ஒரு கை உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டு, நெடி வரவில்லை என்றால் கண்ணேறு, வந்தால் நல்ல மிளகாய். சாயங்காலத் தொழுகை விடும் நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றால் ஓதி ஊதி அனுப்புவார்கள். எங்கள் ஊர்க் கோயில்களுக்கு வடகாஞ்சி என்று பெயர். ஏகாம்பரேஸ்வரர், வரதராஜர் இருவரும் உண்டு. ஆனாலும் பயந்த கோளாறு என்றால் ஆயாவுக்குப் பள்ளிவாசல்தான். அவரவர் டிபார்ட்மென்ட் அவரவருக்கு என்பார்.

போன வாரம் எல்லாத் தேர்வும் முடிந்து 'நெஞ்சம் மறப்பதில்லை' போட்டேன். பாத்ரூம் போயாகிவிட்டது, டியூப்லைட் எரிகிறது, முறுக்கு இருக்கிறது. படம் பழசு, கறுப்பு வெள்ளை, பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். இல்லை. மாளிகை வந்ததும் இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் போனார்கள். நம்பியாரின் 109 வயது வந்ததும் போர்வையைத் தள்ளிவிட்டார்கள். "ஆயாவைவிடப் பெரியவரா?" "அவரு பல்லு ஒரிஜினலா?" ஒரு பயமும் இல்லை.

சத்தம் வந்தது பின்னாலிருந்து. ஆயா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். ஜமீன் வீட்டுப் பையனும் அந்த ஏழைப் பெண்ணும் பிரிகிற இடம். "எம்மா நாளாச்சு... கொட்டாய்ல மணல் குமிச்சி உக்காந்து பாத்தது. அந்தப் பொண்ணு இன்னா பாவம் பண்ணிச்சி?"

பெரியவன் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினான். "இது ஆயாவுக்கு ஒத்துக்காதுப்பா." சின்னவள் போர்வையைக் கொண்டுபோய் ஆயா தோளில் போட்டாள். சொம்பில் தண்ணீர் வந்தது. இரண்டு பேருமாக ஆயாவை நடுவில் படுக்க வைத்து, முறுக்கு டப்பாவைத் தலைமாட்டில் விளக்குமாறு பக்கத்தில் வைத்தார்கள்.

"பாதி படம்டா கண்ணு," என்றார் ஆயா. "அப்புறம் அந்தக் கெயவன் இன்னா ஆனான்னு தெரிய வாணாமா?"

"புதைகுழில விழுவான்," என்றேன் நான்.

"நீ சும்மாயிரு," என்றார்கள் மூன்று பேரும்.