தேக்குச் சத்தம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சித்தப்பா வந்தார். வந்தவர் உட்காரக்கூட இல்லை. நேராகப் பிள்ளைகளின் அறைக்குப் போய், புது அடுக்குக் கட்டிலின் காலை நடுவிரல் முட்டியால் மூன்று தரம் தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். எக்ஸ்ரேயைப் பிரித்த டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "தேக்குப் போட்டிருக்கலாமேடா" என்றார்.

"தேக்குதான் சித்தப்பா."

இன்னொரு தரம் தட்டினார். "தேக்குச் சத்தம் வரலையே."

விஷம் கலக்காமல் அந்தக் கட்டிலைச் செய்து முடிக்க நான் பட்ட பாட்டையும், முக்கியமாக அதன் பாலிஷைப் பற்றியும்தான் எழுத உட்கார்ந்தேன். பிள்ளை பெற்றவர்களுக்கு உபயோகப்படும். ஆனால் முதலில் இந்தத் தட்டுகிற சமாச்சாரத்தை முடித்துவிடுகிறேன், வயிறு எரிகிறது.

மரச்சாமானைக் கண்டால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. மானாமதுரைக்குப் போய்க் கடம் வாங்குகிற வித்வான்கூட இவ்வளவு நிதானமாகத் தட்டிப் பார்ப்பாரா, தெரியாது. மூன்று வாரத்தில் பதினேழு பேர் தட்டிவிட்டார்கள், எண்ணிக்கொண்டுதான் வருகிறேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் தட்டினார். சமையலறை இந்தப் பக்கம், கட்டில் அந்தப் பக்கம். எப்படிப் போனார் என்று இன்னும் விளங்கவில்லை. எதிர் ஃபிளாட் மாமாவுக்கு முட்டி வலி, அதாவது விரல் முட்டி. அதனால் ஸ்கூட்டர் சாவியால் தட்டினார். தட்டிய இடத்தில் ஐந்து பொட்டு விழுந்திருக்கிறது. மைத்துனர் தட்டவில்லை, சந்தையில் மாட்டின் முதுகில் அறைவதுபோல உள்ளங்கையால் அறைந்தார். கட்டில் நகரவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். மாமியார் நகத்தால் சுரண்டி, நகத்தை முகர்ந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் பூஜையறைக்குப் போய்விட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று மனைவியிடம் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

தட்டிவிட்டுச் சும்மா போகிறார்களா? "எவ்வளவு ஆச்சு?" தொகையைச் சொன்னால், "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே." பதினேழு பேருக்கும் செங்கோட்டையில் ஒரு மரக்கடைக்காரரைத் தெரிந்திருக்கிறது. நான் நான்கு மாதம் நாயாய் அலைந்தபோது அந்த மனிதரை எங்கே ஒளித்து வைத்திருந்தார்களோ!

நானும் யோக்கியன் இல்லை. போன வருஷம் துக்கம் கேட்கப் போன இடத்தில், எல்லோரும் தலைகுனிந்து நின்றிருந்தபோது, வாசல் நிலையைத் தட்டி, "கோங்கா?" என்று கேட்டுவிட்டேன். மனைவி கிள்ளிய இடம் இரண்டு நாள் சிவந்திருந்தது. கோங்குதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ப்ளைவுட்டை ஒட்டும் பசையில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-லேயே அதை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களோடு சேர்த்துவிட்டது. குறைவாகக் கசிகிற ரகங்களுக்கு ஈ1, ஈ0 என்று பெயர். கடையில் ஈ0 கேட்டேன். "ஐ.எஸ். 710 இருக்கு சார், பாத்ரூமுக்கே போடலாம்" என்றார் கடைக்காரர். என் பிள்ளைகள் பாத்ரூமில் தூங்குவதில்லை என்றேன். பதிலுக்கு அவர் ஷீட்டைத் தட்டிக் காட்டினார்.

சரி, பழைய மரம் வாங்கலாம் என்று போனால், இடித்த வீட்டுக் கதவு ஜன்னல் எல்லாவற்றிலும் தாத்தா காலத்துப் பச்சை பெயின்ட். அதில் ஈயம் இருக்கும். பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.மைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அந்தப் பச்சையை இழைத்துத் தூசியைச் சுவாசிப்பதற்கு ப்ளைவுட்டே தேவலை. கடைசியில் பெயின்டே படாத உத்தரக் கட்டைகள் கிடைத்தன. ஒரு மெட்ராஸ் டெரஸ் வீட்டு மாடியைத் தாங்கி நின்றவை, வைரம் பாய்ந்த தேக்கு. அறுக்கும்போது உள்ளே ஒரு ஆணி. ரம்பத்தின் பல் போனதென்று மில்காரர் 400 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

மேல்கட்டிலின் தடுப்பு மெத்தைக்கு மேல் 5 அங்குலமாவது நிற்க வேண்டும், இடைவெளி 3.5 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, 6 வயது ஆகாத பிள்ளையை மேலே படுக்கவிடக் கூடாது. இதெல்லாம் அமெரிக்காவில் சொல்லிவைத்திருப்பது. நம் வீட்டு எமன் வேறு: சீலிங் ஃபேன். கூரை 10 அடி, ஃபேன் அதிலிருந்து ஒரு அடி கீழே. மேல் மெத்தை 5 அடியில். பெரியவன் 4 அடி 2 அங்குலம். இதைக் கூட்டிப் பார்த்த ராத்திரி நான் தூங்கவில்லை. மறுநாளே ஃபேனைக் கழற்றிவிட்டு, கட்டிலுக்கு எட்டாத மூலையில் சுவர் ஃபேன் மாட்டினேன். பதினேழு பேரில் ஒருத்தராவது ஏன் என்று கேட்க வேண்டுமே! "ரூம் புழுங்குதே" என்றார்கள்.

சித்தப்பாவிடம் பழைய மரம் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன்.

"பழசா? யார் வீட்டு உத்தரமோ! அந்த வீட்டுல என்னென்ன நடந்துதோ!" என்றபடியே கையிலிருந்த காபி டம்ளரைக் கீழ்க்கட்டிலின் சட்டத்தில் வைத்தார்.

பாலிஷ் என்றேனே, அது அரக்கு. ஸ்பிரிட்டில் கரைத்து, துணிக்குள் பஞ்சை வைத்துப் பொட்டலம் கட்டி, ஆசாரி எட்டு முறை தேய்த்தார். மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் பூசுகிற அதே சாமான். ஸ்பிரிட் பறந்து காய்ந்தபின் சின்னவன் தடுப்பைக் கடித்தாலும் பயமில்லை. ஆனால் அதற்குச் சூடும் ஈரமும் ஆகாது.

டம்ளரை எடுத்தபோது அச்சு வார்த்ததுபோல வெள்ளையாக ஒரு வட்டம். ஆசாரிக்குப் போன் செய்தேன். பெரம்பூரில் வேறு வேலை எடுத்துவிட்டாராம், பொங்கல் கழித்து வருவாராம். அதுவரை எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் தட்டுவதென்றால் தாராளமாகத் தட்டுங்கள். காபியை மட்டும் ஹாலிலேயே குடித்துவிட்டு வாருங்கள்.