மடிக்கணினியின் மௌன விரதம்

கேள்வி: கூட்டத்தில் எல்லோர் பேச்சும் எனக்குக் கேட்கிறது, நான் பேசுவது மட்டும் ஒருவர் காதிலும் விழுவதில்லை. வீட்டில் உள்ள நிலைமைதான் லினக்ஸ் மடிக்கணினியிலுமா?

பதில்: வாயைத் திறந்த தாங்கள், அதன் காதைத் திறந்தீர்களா? டெர்மினலில் அல்சாமிக்சரை வரவழைத்து, எஃப்6 அழுத்தி உரிய ஒலி அட்டையைத் தேர்ந்து, எஃப்4 அழுத்தியதும் தோன்றும் பதிவுப் பகுதியில், சிவப்பு நிறத்தில் 'கேப்சர்' என்றிருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுகள் காணப்படுமாயின், ஸ்பேஸ் பாரை ஒரு முறை தட்டுவதே பரிகாரம்.

அங்கே மைக்கின் சுவடே இல்லையென்றால் விஷயம் வேறு. அண்மைக்கால இன்டெல் மடிக்கணினிகள் பலவற்றில், உள்ளே பொருத்திய மைக்கானது ஸ்பீக்கரை இயக்கும் சில்லோடு சம்பந்தப்படாமல், பிராசசருக்குள் இருக்கும் தனியொரு ஒலிச் செயலியோடு இணைக்கப்பட்டிருக்கிறபடியால், பாட்டுக் கேட்பதை வைத்து மைக்கும் சுகமே என்று அனுமானிப்பது பொருந்தாது. அந்தச் செயலி விழித்தெழ 'சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர்' அவசியம். அதை நிறுவி, கணினியை ஒரு முறை அணைத்துப் போட்ட பிறகு 'ஹலோ' சொல்லிப் பாருங்கள். அதற்குள் புது மைக் வாங்கக் கடைக்குப் போய்விடாதீர்கள்.